பகையாளி இல்லாத ஊர்ச் சமையல்

இன்று மருந்துக் கடையில் மாத்திரைக்காக நின்றபோது அலமாரியில் ஆலிவ் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன். நீ முதன்முதலாக அதை வாங்கியதும் மருந்துக் கடையில்தான். கைக்குழந்தைக்குத் தேய்த்துவிடும் எண்ணெய் அது. கோரிப்பாளையத்துக் கடைக்காரர் "பிள்ளைக்கு எத்தனை மாசம்மா?" என்று கேட்க, "நாப்பத்தஞ்சு வயசுண்ணே" என்று என்னைக் காட்டினாய்.

கத்திரிக்காய்க் குழம்பு வைத்தால் எனக்கு அண்ணன் நினைவு வரும். அப்பாவின் மேலூர் வயலை என்னைக் கேட்காமல் குவாரிக்காரனுக்கு விற்றவர். அந்த வரப்புக் காயின் ருசி வேறு. பிரியாணி வைத்தால், எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பறித்தவன் கொடுத்த விருந்து நினைவு வரும். சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒருநாள் நீ கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாய்: "ஏங்க, உங்களுக்குப் பகையாளியே இல்லாத ஊரு எது? அந்த ஊருச் சாப்பாட்ட வைக்கிறேன்."

கிண்டல் என்று நினைத்தேன். அந்த வாரமே நூலகத்துக்கு இழுத்துப் போனாய். அங்கே இன்டர்நெட் வந்த புதிது. நூலகத்தின் இணையப் பக்கத்தில் உலகச் சமையலுக்கென்றே ஒரு பகுதி; நாட்டின் பெயரைத் தட்டினால் சமையல்முறை வரும். நான் ஆங்கிலத்தை வாசித்துச் சொல்ல, நம் கடைகளில் என்ன கிடைக்கும் என்று நீ மனசுக்குள் மாற்றிக்கொண்டே வருவாய். "ஓவனா? அப்ப அடுத்த ஊருக்குப் போங்க." மெக்சிகோ, துருக்கி, ஜப்பான் என்று ஞாயிறுதோறும் ஓர் ஊர். சில வாயில் வைக்க விளங்காது. யாரையும் திட்டாமல் தின்றேன்.

லெபனான் ஞாயிறன்று வாசலில் அண்ணன் நின்றார். நான் உள்ளே போய்விடப் பார்த்தேன். கூப்பிட்டதே நீதான். கொண்டைக்கடலையை வேகவைத்து, வறுத்த எள்ளும் பூண்டும் சேர்த்து அரைத்து, நடுவில் குழித்து அந்த மருந்துக் கடை எண்ணெயை ஊற்றி, எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே தட்டாக வைத்தாய். "அவுக ஊர்ல இப்படித்தான் பொதுவுல தொட்டுக்கிருவாகளாம், மச்சான்."

அண்ணன் சப்பாத்தியோடு முழித்தார். "ஏம்மா, எள்ளு வாசமடிக்குதே? எங்கப்பனுக்குத் தெவசம் அடுத்த மாசந்தான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வழிச்சுத் தின்னுங்கண்ணே" என்றேன். வயல் சண்டைக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. படியிறங்கும்போது உன்னிடம் கேட்டார்: "அடுத்த வாரம் எந்த ஊரும்மா?"

நீ போன பிறகும் அவர் வருகிறார். நான் சமைப்பது எந்த நாட்டிலும் சேராது, இருந்தும் சாப்பிடுகிறார். வயலை நான் மன்னிக்கவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, மன்னிக்க மாட்டேன். ஆனால் அவர் கை கழுவி எழும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அம்புட்டுத்தான் என்னால் ஆகிறது.