ரோஜா மிதந்த அண்டா

ஓசூர்
12.2.2025

அன்புள்ள ரேவதிக்கு,

கல்யாண வீட்டிலிருந்து நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் பேத்தி அனுப்ரியா மணக்கோலத்திலும் நிமிர்ந்து நின்று எல்லோரையும் வரவேற்றாள். அந்த ஒழுங்கு உன்னிடமிருந்து வந்ததல்ல.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ இருமிப் பேச்சை மாற்றுவாய். கடிதத்தில் இரும முடியாது.

மண்டப வாசலில் வைத்திருந்த பித்தளை அண்டாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு தெருவுக்கே சோறு பொங்கக்கூடிய அண்டாவில் ரோஜா இதழும் மெழுகு விளக்கும் மிதக்கவிட்டிருந்தீர்கள். தளிப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜா. மணமே இல்லை.

நான் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றேன். நபீலா வந்து, “ம்மா, என்னாத்துக்கு அண்டாவத் தடவிக்கினு நிக்கிற? பழைய பித்தள வாங்க வந்தவங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க” என்றாள். பாத்திரக் கடைக்காரரோடு வாழ்ந்தவளின் விரல் பொய் சொல்லாது. ‘ரேவதி’ என்று கொத்தியிருக்கும் இடத்தில் பித்தளை மெலிந்து பள்ளமாக இருக்கிறது. அங்கே முன்பு இருந்த பெயரை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். பிறகு தூக்கும் வளையத்துக்கு அடியில் விரலை விட்டேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் சொந்தப் பாத்திரங்களில் இரண்டு இடத்தில் பெயர் கொத்துவார். விளிம்பில் அவர் பெயர், ஊர் படிக்க. வளையத்துக்கு அடியில் என் பெயர், அவருக்காக. ராவியவர்களுக்கு அது தெரியாது. ‘முனவர்’ என்று அப்படியே இருக்கிறது.

தொண்ணூற்றொன்று டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, வீட்டுச் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ ஏற்றிவிட்ட வண்டியில் நாங்கள் பெங்களூரை விட்டு ஓடிவந்தோம். கதவை உடைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நீதான் சொன்னாய். அதில் போன அண்டா இது. உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி எழுது, போதும்.

உன் பள்ளித் தோழி,
முனவர் பேகம்


பெங்களூர்
20.2.2025

என் அன்பு முனவருக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நம் கிருஷ்ணகிரி கான்வென்டுக்கே போய்விட்டேன். நீ விருந்தில் இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று மருமகள் வருத்தப்பட்டாள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

அந்த அண்டாவா? கலவரம் அடங்கிய பிறகு நடைபாதையில் பழைய சாமான் விற்பவனிடம் வாங்கினேன். பார்த்ததும் உன்னுடையது என்று தெரிந்தது. அதனால்தான் விடாமல் வாங்கிப் பத்திரமாக வைத்தேன். சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், மறந்துவிடும். யோசித்துப் பார், என்னிடம் இருந்ததால்தானே அதை யாரும் உருக்காமல் விட்டார்கள்? வேண்டுமென்றால் நீயே எடுத்துக்கொள். நமக்குள் ஒரு அண்டா பெரிதா?

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. உன் வீட்டுக்காரர் கௌஸ் அண்ணன் அனுப்பிவந்த மாம்பழக் கூடைதான் நினைவுக்கு வருகிறது. அவர் இல்லாவிட்டாலும் நீ விடாமல் அனுப்புகிறாய். யாருக்கு வரும் அந்த மனசு?

என்றும் உன்,
ரேவதி


ஓசூர்
27.2.2025

ரேவதிக்கு,

‘அன்புள்ள’ என்பதை மறந்து விடவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நடைபாதையில் வாங்கினாய். விற்றவன் முன்பே பெயரை ராவியிருந்தால், என்னுடையது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அவன் ராவவில்லை என்றால், ராவியது யார்? கணக்கில் நீ எப்போதும் மட்டம்.

சரித்திரத்தில் அதைவிட மட்டம். சிஸ்டர் பெர்னதெத் கரும்பலகையில் எழுதிப்போட்ட, சூறையாடப்பட்ட நகரங்களின் பட்டியலை நினைத்துப் பார். ரோம், கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், விஜயநகரம், டில்லி. ஆண்டுகளை மாற்றிச் சொல்லி நீ முழங்காலிட்டு நின்றாய். எனக்கு ஆண்டுகள் மறந்துவிட்டன, ஆட்கள் மறக்கவில்லை. ‘பத்திரமாக வைத்தேன்’ என்பது உன்னுடைய சொந்த வாக்கியம் இல்லை. வெனிஸ்காரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடி நான்கு வெண்கலக் குதிரைகளைக் கொண்டுபோய்த் தங்கள் தேவாலயத்தின் முகப்பில் ஏற்றினார்கள். பல நூறு ஆண்டு கழித்து நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, கொள்ளை என்று அவர்களே அழுதார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முதல் இரவு சிப்பாய்கள் அள்ளினார்கள். பிறகு வெள்ளைக்காரத் துரைமார் கமிட்டி போட்டுப் பங்கு பிரித்தார்கள். கமிட்டி போட்டால் அதற்குப் பெயர் வேறாம்.

இவர்களாவது வெளியூர் ஆட்கள். விஜயநகரத்தில் எதிரிப் படை வந்து சேரும் முன்பே சுற்றுவட்டாரத்து ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்களாம். இதை நான் நம்புகிறேன். படைக்குக் கதவை உடைக்கத்தான் தெரியும். எந்தப் பரணில் என்ன இருக்கிறது என்பது அக்கம்பக்கத்துக்குத்தான் தெரியும்.

“ரேவதியம்மா இல்லன்னா அன்னிக்கி நம்ம உசுரு தங்கியிருக்குமா?” என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொன்னார். ஒவ்வொரு மே மாதமும் மண்டிக்குப் போய்த் தானே பொறுக்கி உனக்குக் கூடை அனுப்பினார். இத்தனை வருஷமும் தின்றாய். ஒரு கொட்டைகூடத் தொண்டையில் நிற்கவில்லை.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘இந்தா’ என்பார். என் பெயரை அவர் தன் கையால் எழுதியது அந்த வளையங்களுக்கு அடியில் மட்டும்தான். மற்றப் பாத்திரங்கள் போய்விட்டன. அதனால்தான் கேட்கிறேன். பித்தளைக்காக அல்ல.

முனவர் பேகம்


பெங்களூர்
6.3.2025

முனவர்,

சரி, எழுதுகிறேன். மூன்றாம் நாள். உங்கள் கதவு உடைந்து திறந்து கிடந்தது. மாடி வீட்டு வாத்தியார் உங்கள் மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பால்காரர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “என்னாம்மா, நீங்க மட்டும் நின்னு பாத்துக்கினே இருக்கீங்க? நாளைக்கி இதுவும் இருக்காது” என்றார். நானும் உள்ளே போனேன். பரணில் அண்டா இருப்பது எனக்குத் தெரியும். நீ சொன்னது சரிதான்.

பிறகு போலீஸ் வீடு வீடாகச் சோதனை போடப்போகிறது என்று பேச்சு வந்தது. பயத்தில் ராவினேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தஞ்சாவூர் போனோமே, கலைக்கூடத்தில் ஒரு கல் துவாரபாலகரைக் காட்டினார்கள். சோழ ராஜா கன்னட தேசத்துக் கல்யாணபுரத்தைக் கொளுத்திவிட்டுத் தூக்கி வந்தது என்றார்கள். நாம் எல்லோரும் கைதட்டினோம். உன் கைதான் பலமாகக் கேட்டது. ராஜா எடுத்தால் பெருமை, ரேவதி எடுத்தால் திருட்டா?

ரேவதி


ஓசூர்
12.3.2025

ரேவதிக்கு,

கைதட்டியது உண்மை. இப்போது நினைத்தால் கை கூசுகிறது. யார் எடுத்தாலும் கொள்ளைதான், நம் ராஜாவானாலும்.

ஆனால் அந்தச் சிலையின் பீடத்தில் என்ன வெட்டியிருந்தது என்று நீ பார்த்திருக்க மாட்டாய், எலந்தைப் பழம் வாங்கப் போய்விட்டாய். கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் என்று அவன் வெட்டிவைத்தான். ஊர்ப் பெயரை ராவவில்லை. திமிர்தான். ஆனாலும் யாருடையதை யார் எடுத்தார் என்பதை ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு பள்ளிப்பிள்ளை படிக்கலாம்.

நீ எனக்கு உறைக்குள் வைத்து ஒட்டி எழுதுகிறாய். அண்டாவோ இன்னும் ‘ரேவதி’ என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சோழனோடு உன்னை ஒப்பிட வேண்டுமானால், முதலில் அவன் செய்ததைச் செய்.

முனவர் பேகம்


பெங்களூர்
21.3.2025

முனவர்,

எல்லப்பன் என்கிற டெம்போக்காரரிடம் அண்டாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பெயர் கொத்தும் கடையில் வாசகத்தைப் படித்துவிட்டு, “இப்பிடியெல்லாம் யாரும் போட மாட்டாங்கம்மா” என்று சிரித்தார்கள். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, ஆணியும் சுத்தியலும் வைத்து நானே கொத்தினேன்.

புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த அனுப்ரியா என்ன சத்தம் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ரேவதி


ஓசூர்
3.4.2025

ரேவதிக்கு,

அண்டா வந்தது. எல்லப்பன் இறக்கி வைத்து, “கோழி கீறுன மாதிரி கொத்தியிருக்காங்களே, என்னாம்மா போட்டிருக்குது?” என்றார். படித்துக் காட்டினேன். ‘முனவர் வீடு சூறை போனபோது ரேவதி கொண்டுவந்தது.’ அவர் வாடகையை வாங்கிக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

கொத்து கோணல். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் வயிற்றுப் பக்கம் இறங்கிவிட்டன. என் வீட்டுக்காரர் இதைக் கடைக்குள்ளேயே வைத்திருக்க மாட்டார். ‘சூறை போனபோது’ என்பதும் கோழைத்தனம், வீடு தானாகப் போகவில்லை. ஆனாலும் வேறு ஆளை வைத்து எழுதவில்லை. அதைப் பார்த்தேன்.

உள்ளே ஈயம் முழுக்கப் போயிருந்தது. ரோஜாவுக்கு ஈயம் எதற்கு? பூசக் கொடுத்தபோது அந்த ஆள், “இந்தக் கிறுக்கல ராவி எடுத்துட்டு, பளபளன்னு குடுக்கட்டுங்களா?” என்றான். ராவக் கூடாது என்றேன். ஒருமுறை ராவியது போதும். அழித்தால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நோன்பின் கடைசி நாட்களில் அதில் கஞ்சி காய்ச்சி முன்போல் தெருவுக்கு ஊற்றினேன். தூக்குச்சட்டியோடு வந்தவர்கள் எல்லோரும் விளிம்பைப் படித்தார்கள். எதிர்வீட்டு மாதேஸ்வரி, “யாருங்க இந்த ரேவதி?” என்றாள். “என்கூடப் படிச்சவ” என்றேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை. வளையத்துக்கு அடியில் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. அது ஊர் படிக்க அல்ல.

அனுப்ரியா பேசுவாள். பேசாவிட்டால் அவள் செய்வது சரி.

இந்த மே மாதம் கூடை வராது. மாம்பழம் வேண்டுமானால் பஸ் பிடித்து ஓசூருக்கு வா. என் வீட்டில் உட்கார்ந்து, என் கண்ணெதிரே தின்றுவிட்டுப் போ. போகும்போது கொட்டையைக்கூட எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

முனவர்