தொடாத படம்

லப்பைக்குடிக்காடு,
14.8.2005, ஞாயிறு.

அன்புள்ள மச்சானுக்கு,

ரஷீதா சலாம் சொல்லி எழுதுவது. நானும் மாமியும் நலம். வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளையையும் சேர்த்து எழுதுவேன். இம்முறை ஃபர்ஹாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதம் என்னுடையது.

போன் கூடத்தில் இருப்பதால் மாமி எதிரில் பேச முடியவில்லை. அப்துல் சலாம் அண்ணன் நாளை திருச்சியில் விமானம் ஏறுகிறார். செவ்வாய்க்கிழமைக்குள் இந்தக் கடிதத்தை ஷார்ஜாவில் உங்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். உறைக்குள் ஒரு படமும் ஒரு சாம்பல் நிற அட்டையும் இருக்கும். கடிதத்தைப் படித்த பிறகு அவற்றை எடுங்கள்.

நீங்கள் சொன்னபடி மானிட்டர் வாங்கிவிட்டேன். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்த மறுநாளே திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் தட்டை மானிட்டரைத்தான் காட்டினார். "எல்லாரும் இதத்தான் வாங்குறாங்கம்மா, மேசையில எடம் மிச்சம்" என்றார். அதில் ஒரு முகத்தைப் போடச் சொல்லி, உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன். உட்கார்ந்தால் ஒரு நிறம், நின்றால் ஒரு நிறம். "இது படம் பாக்குறவங்களுக்குங்க, நான் படம் திருத்துறவ" என்று சொல்லி, பழைய மாதிரி கண்ணாடிக் குழாய் வைத்த பதினேழு அங்குலத்தையே எடுத்தேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார்கள்.

அதை எதற்கு வாங்கச் சொன்னீர்கள் என்பது நினைவிருக்கும். பிள்ளையின் இருபத்தைந்தாம் நாள் நான் மின்னஞ்சலில் அனுப்பிய படத்தைப் பார்த்து, ஏன் இவ்வளவு மஞ்சள் என்று கேட்டீர்கள். பதிலையும் நீங்களே சொன்னீர்கள். பழைய மானிட்டர் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டுகிறது, அதைச் சரிக்கட்ட நான் மஞ்சளைக் கூட்டியிருப்பேன் என்று. போட்டோ லேபில் வேலை பார்க்கிறவர் சொல்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெரம்பலூர் சாமிதுரை அண்ணன் ஸ்டுடியோவுக்காகக் கல்யாண முகங்களை வெளுப்பாக்கிப் பழகிய கை என்னுடையது. மஞ்சளைக் குறைத்தேன், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன், மறுபடி அனுப்பினேன். "இப்பத்தான் நம்ம புள்ள மாதிரி இருக்கா" என்று போனில் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

படத்தில் சரியானது தொட்டிலில் சரியாகவில்லை. மாமியிடம் சொன்னதற்கு, "டியூப் லைட்டுல யாருடி மஞ்சளா தெரியல? காலை வெயில்ல காட்டு" என்றார்கள். காட்டினேன். நாற்பதாம் நாளுக்கு வந்தவர்கள் தங்க நிறம் என்று சொல்லி பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு என் கண் மீதே நம்பிக்கை போயிருந்தது. அதனால்தான் மானிட்டரை அவ்வளவு கவனமாக அமைத்தேன்.

அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடானதும் ஆரம்பித்தேன். கடையிலிருந்து வரும்போது அதுவும் நீலமாகத்தான் காட்டியது. அதன் அமைப்புக்குள் போய் நீலத்தைப் பகல் வெளிச்சத்தின் அளவுக்கு இறக்கினேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். நம் பச்சைச் சுவர் திரையில் பிரதிபலிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை கட்டினேன். என் உடையின் நிறமும் திரையில் விழும் அல்லவா, கறுப்பு புர்காவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமி எட்டிப் பார்த்து, "வூட்டுக்குள்ள யாருக்குடி புர்கா, கம்ப்யூட்டருக்கா?" என்றார்கள். அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை, அடுத்த வீட்டு பெனாசிரின் மகன் பிலாலைத் தூக்கிவரச் சொன்னேன். அவனுக்கு மூன்று மாதம். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில், கொல்லைப்புற நிழலில் படுக்கவைத்து, நடுவில் சாம்பல் அட்டையை வைத்து ஒரே படமாக எடுத்தேன். அட்டையின் சாம்பலில் எந்த நிறமும் கலந்திருக்கக் கூடாது. திரையில் படத்தைத் திறந்து அட்டை மீது சுட்டியை வைத்தேன்; சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின, கலப்பில்லை. பிலாலின் கன்னம் பிள்ளைக் கன்னம் போல இருந்தது. ஃபர்ஹாவின் கன்னம் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

மானிட்டரில் பிழை இல்லை, மச்சான்.

நேற்று மாமியிடம் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூர் டாக்டரிடம் கொண்டுபோனேன். மலம் என்ன நிறம் என்று கேட்டார். சுண்ணாம்பு மாதிரி என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். பித்தம் இறங்கும் குழாய் அடைத்திருக்கலாம், உடனே சென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், அதுதான் என்றால் அறுபது நாளுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது, தள்ளத் தள்ளப் பலன் குறையும் என்றார். இன்று நாற்பத்தைந்தாம் நாள்.

வந்து மாமியிடம் எல்லாம் சொன்னேன். அவர்கள் அலமாரியைத் திறந்து ஒரு படத்தை எடுத்து வந்தார்கள். நான் திருத்திய படம்தான். சாமிதுரை அண்ணனிடம் சொல்லி பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். "இதுல எங்கடி இருக்கு மஞ்சள்? என் மவன் வாயத் தொறந்து சொல்லட்டும். அதுவரைக்கும் பச்சப்புள்ளய கத்திக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்கள். அவர்கள் மீது தவறில்லை. அந்தப் படத்தில் மஞ்சள் இல்லைதான். அதை நீக்கியது நான்.

உறையில் இருப்பது வெள்ளிக்கிழமை எடுத்த படம். பகலில் ஜன்னல் ஓரம் வைத்துப் பாருங்கள், லேப் விளக்கில் வேண்டாம். நான் அனுப்பிய அட்டையைப் படத்திலுள்ள அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் படம் பொய் சொல்லவில்லை. பிறகு அவள் கண்ணைப் பாருங்கள். பிறகு மாமிக்குப் போன் செய்யுங்கள்.

வியாழன் காலை ஆறு மணி சென்னை பஸ்ஸில் என் அம்மாவுடன் கிளம்புகிறேன். நீங்கள் சொன்னால் மாமியும் கூட வருவார்கள். பிள்ளையை மடியில் வைத்து அவர்களைப் போல யாராலும் உறங்கவைக்க முடியாது. போன் வராவிட்டாலும் பஸ் ஏறுவேன். கோபம் இருந்தால் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்களையும் உங்கள் மகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைக்கட்டும். இந்தப் படத்தில் நான் எதையும் தொடவில்லை.

இப்படிக்கு,
ரஷீதா