நான் பிடுங்கிய பிளக்

மேடம்,

நேற்று ராத்திரி மகள் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். நான் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். காலையில் சமையலறை முழுக்கப் புளித்த பால் வாடை. "வெளியில யார்கிட்டயும் எலெக்ட்ரீஷியன்னு சொல்லிக்காதப்பா" என்றாள். பாலைக் கொட்டும்போதே உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் இது மத்தியானத்துக்குள் நம் ஸ்கேன் சென்டர் முழுக்கப் பரவியிருக்கும்.

படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் கிடந்த காலம் அது. ஒரு பௌர்ணமியன்று அது படுத்துக்கொள்ள, கிரிவலத்தில் விழுந்து கால் முறிந்தவர்கள் முதல் கீழ்பென்னாத்தூர் கர்ப்பிணிகள் வரை வராந்தாவில் காத்துக் கிடந்தார்கள். அதன் பிறகுதான் டாக்டர் உங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். "அடுத்த பௌர்ணமிக்குள்ள ஓட்டிக் காட்டணும். தேறலன்னா வேற ஆளப் பாத்துக்கறேம்மா" என்று என் எதிரிலேயே சொன்னார். நீங்கள் அப்போதுதான் இங்கே வீடு பிடித்து, பையனைப் பள்ளியிலும் சேர்த்திருந்தீர்கள்.

இரண்டு சர்வர்கள், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் பெட்டி. ஒரு சர்வர் எழும்போது முதலில் டிஸ்க், அப்புறம் டாக்டரின் கம்ப்யூட்டர் அதைக் கூப்பிடும் பெயர், அப்புறம் படங்கள் இருக்கும் ஃபோல்டர் என்று நீங்கள் வரிசை கட்டினீர்கள். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்ட நானோ, என் பங்குக்கு அந்தப் பெயரை முதல் சர்வர்மேல் பெயிண்டில் எழுதி, சந்தனம் குங்குமமும் வைத்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பேரு பொட்டிக்கு இல்லண்ணா. ரெண்டுல எது ஓடுதோ அதுக்கு. ஒன்னு படுத்துட்டா பேரு அடுத்ததுக்குப் போயிடும். டாக்டரு அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா போதும்."

உடம்பே இல்லாத ஒரு சர்வர்! அன்று சாயங்காலம் டீக்கடையில் இதை விளக்கி நாலு பேரை எழுந்து ஓட வைத்தேன்.

சோதனை நாள். டாக்டர் தன் அறையில் ஒவ்வொரு படமாகத் திறந்துகொண்டிருக்க, நீங்கள் அவர் பக்கத்தில். ஓடிக்கொண்டிருந்த முதல் சர்வரின் பிளக்கைப் பிடுங்குவது என் வேலை. பிடுங்கினேன். படங்கள் இம்மியும் தடைபடவில்லை. டாக்டர் கை தட்டியது சர்வர்கள் இருந்த உள்ளறைவரை கேட்டது. நீங்கள் மட்டும் வேகமாக வந்து பார்த்தீர்கள். முதலாவது ஓடிக்கொண்டிருந்தது, சும்மா காத்திருந்த இரண்டாவதுதான் அணைந்து கிடந்தது.

"ஓடறத நிறுத்தச் சொன்னா உக்காந்திருக்கறத நிறுத்திட்டீங்களேண்ணா."

அப்படியே விட்டிருந்தால் உங்கள் வேலை நிலைத்திருக்கும். நீங்களோ டாக்டரிடம் போய், இது கணக்கில்லை, மறுபடியும் பார்க்கலாம் என்றீர்கள். இரண்டாவது சர்வர் எழும்வரை காத்திருந்து, இந்தத் தடவை நீங்கள் பார்க்கப் பார்க்க முதலாவதைப் பிடுங்கினேன். படம் பாதியில் நின்றுவிட்டதென்று டாக்டர் தன் அறையிலிருந்து குரல் கொடுக்க, நீங்கள் அங்கே ஓடினீர்கள். எனக்கு மூச்சும் நின்றது. உள்ளே இரண்டாவதன் விசிறி உறுமியது, டிஸ்க் பெட்டியில் பச்சை விளக்குகள் ஓடின. நானும் டாக்டர் அறைக்கு ஓடினேன். "வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சுண்ணா."

அதே பெயர், அதே படம், வேறே பெட்டி! வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் என் செலவில் டீ.

அன்றிலிருந்து நீங்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, முதலாவது எது இரண்டாவது எது என்று தெரியாத எலெக்ட்ரீஷியன் என்று என்னை ஓட்டினீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒன்று மட்டும் சொல்லவில்லை மேடம். எது எதுவென்று எனக்குத் தெரியும். படம் வராமல் போய், பையனோடு நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் முதல் தடவை வேண்டுமென்றேதான் இரண்டாவதைப் பிடுங்கினேன். உங்கள் வேலையை நான் நம்பவில்லை.