நீ கேட்ட குஸ்குஸ்

இன்று காலை அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. சீரகமும் பட்டையும் போட்டதும் எழுந்த வாசனையில் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அந்தப் பாரிஸ் பயணம் உன்னுடையது. எலெக்ட்ரானிக் சிட்டியில் நம் ஆபீஸில் உன் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். தினமும் கேப்பில் வீடு திரும்பும்போது குஸ்குஸ் என்ற, கறியோடு வரும் மொராக்கோ ரவைச் சோற்றின் வீடியோக்களை எனக்குக் காட்டுவாய். உன் ஊர் தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா வைக்கும் கறிக்குழம்புக்கு இது தூரத்துச் சொந்தம் என்பாய். பாரிஸில் அது கிடைக்கும் ஓட்டலைக்கூடப் பார்த்து வைத்திருந்தாய். விசா வந்த சமயத்தில்தான் வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனாய். அதன்பிறகு உனக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முன் ஈஜிபுராவில் உன் வீட்டுக்கு வந்தேன். மருந்து உன் நாக்கின் ருசியைக் கொண்டுபோயிருந்தது. கஞ்சிகூடத் தகரம் மாதிரி இருக்கிறது என்றாய். "அங்க போய் எனக்காகச் சாப்பிடுடி. ஒண்ணு விடாம சொல்லு. நான் காதால சாப்பிட்டுக்கிறேன்."

அந்த ஓட்டலுக்குப் போய்விட்டு நான் அறைக்குத் திரும்பியதும் நீயே போன் செய்தாய். எப்படி இருந்தது என்று கேட்டாய்.

"ஒண்ணும் பெருசா இல்லடி. உப்பில்லாத ரவை உப்புமா மாதிரி இருந்துச்சு."

அப்படியா என்றாய். பிறகு, குளிராக இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் சொன்னார். அன்று போனை வைத்துவிட்டு, "இவளும் என்னை நோயாளி ஆக்கிட்டா" என்றாயாம். ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் உன்னிடம் பொய்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். நான் ஒருத்தியாவது உள்ளதைச் சொல்வேன் என்று நம்பியிருக்கிறாய்.

நீ ஏங்கிவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அது பாதி உண்மை.

மீதியை உனக்குச் சொல்கிறேன். அந்த ஓட்டலில் தலை நரைத்த ஓர் அம்மா பெரிய மண்தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ரவையைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆவி பறக்க இருந்தன. மேலே பூசணி, கேரட், கொண்டைக்கடலை, எலும்போடு ஆட்டுக்கறி. விரல் பட்டதும் கறி கழன்று வந்தது. தொட்டுக்கொள்ள மிளகாய் விழுது. பல நாள் கழித்து நாக்கில் உறைப்பு பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டு பாதி காலியானதும் அந்த அம்மா கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அவ்வளவு நேரமும் உன் ஞாபகம் எனக்கு வரவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு, தெருவில் இறங்கி நடந்தபோதுதான் நீ நினைவுக்கு வந்தாய். உனக்காகச் சாப்பிடப் போனவள் எனக்காகவே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தக் கூச்சத்தில்தான் உப்புமா என்றேன்.

இப்போதெல்லாம் உடம்பு முடியாதவர்கள் எதைக் கேட்டாலும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். அது உன்னிடம் வந்து சேராது என்று தெரியும்.

அதற்குப் பிறகு எங்கேயும் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. இதைக் கேட்கத்தான் அன்று நீ போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.