வெறுங்காணியில் பதினொரு வீடு

மச்சான்,

இன்று காலை சங்கக்கடைச் சுவரில் ஒருவன் அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தான். கோதுமை மாப் பசையின் புளித்த மணம் மூக்கில் ஏறியதும், மூவுலகையும் முறைத்துப் பார்த்த நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். டெங்கு நுளம்பு ஒழிப்புப் பற்றியதுதான். ஆனாலும் மூன்று முறை வாசித்தேன். எந்த நுளம்பை யார் நம்புவது?

சண்டைக் காலத்தில் நீ அந்த மணத்தோடுதான் ஒருநாள் வந்தாய். மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்குப் போனவன், வெறும் போத்தலோடும் சட்டைக்குள் ஒரு தாளோடும் திரும்பினாய். பாலையூற்றுக்கு அப்பால், பற்றைக்குள், பதினொரு வீடாய் நாங்கள் இருந்த காலம். நில அளவைக்காரர் வந்து போனதிலிருந்து எனக்கு வேலி ஓணான்கூட யாருக்கோ தலையாட்டுவதாய்ப் பட்டது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தவன் நீ. ஒரு கோப்பைதான், நான் ஊருக்குச் சொன்னது ஒரு குளம்.

"புது நகரத் திட்டத்தில எங்கட இடத்தை வெறுங்காணி எண்டு போட்டிருக்கிறாங்கள் மச்சான். எல்லாரும் கையெழுத்து வைச்சு ஆட்சேபனை குடுத்தால்தான் தப்பலாம்" என்று தாளை நீட்டினாய்.

"அறிவித்தல் எண்டால் சுவரில இருக்கும். உன்ர சட்டைக்குள்ள ஏன் இருக்குது?"

"உங்களுக்குக் காட்டத்தான் கிழிச்சுக் கொண்டந்தனான்."

நான் நம்பவில்லை. சரஸ்வதிக்கே எழுத்துப் பிழை திருத்தக்கூடிய நான், கண்ணாடி இல்லை என்று சொல்லிப் படலையைச் சாத்தினேன். பிறகு வீடு வீடாய்ப் போய், "கையெழுத்து வைச்சால் காணி போச்சு. மச்சான் விலைப்பட்டிட்டான்" என்றேன். உன் மனைவி, என் சொந்தத் தங்கச்சி, கிணற்றடிக்கு வந்தால் பெண்கள் வாளியோடு விலகினார்கள். உன் மனுவில் உன் கையெழுத்து மட்டும் தனியே நின்றது. தவணையும் முடிந்தது.

ஒருநாள் ஜீப்பில் அதிகாரி வந்து வரைபடத்தை விரித்தார். எங்கள் வீடுகள் இருந்த இடம் முழுக்கப் பச்சை, வெறுங்காணியின் நிறம்.

"ஒரு ஆட்சேபனையும் ஒழுங்கா வரேல்லை. ஆக்கள் இருந்தால்தானே வரும்?"

நீ முன்னால் போய் அந்தத் தாளை வரைபடத்தின் மேல் வைத்தாய். "அப்ப இதைக் கிழிச்சது ஆர் ஐயா? வெறுங்காணியோ?"

"நீரோ கிழிச்சனீர்?"

"ஓம். இந்த வீட்டில இருக்கிற நான்தான்."

அரசாங்கத் தாளைக் கிழித்த குற்றத்துக்கு உன்னை அதே ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. இந்தச் சூரனின் வீரம் அவ்வளவுதான்.

அடுத்த வரைபடத்தில் பச்சை போய், "அனுமதியற்ற குடியிருப்பு" என்று வந்தது. வெறுமையிலிருந்து குற்றத்துக்குப் பதவி உயர்வு! அந்த மூன்று நாள் தந்த உதட்டுத் தழும்போடு நீ சிரித்தாய். "நல்லதுதானே மச்சான். இல்லாத ஆளை டோசர் போட்டுத் தள்ளலாம். இருக்கிறவனுக்கு முதலில கடிதம் போட வேணும்."

கடிதங்கள் இன்னமும் வருகின்றன. பதினொரு வீடும் இன்னமும் இருக்கின்றன. ஊரிடம் யார் கதை கட்டியது என்று நீ கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ கண்மூடிய பிறகு பதில் மனுக்களை எழுதுவது உன் மனைவி. அவள் கொண்டுவரும் தாளில் மட்டும் நான் வாசிக்காமலே கையெழுத்து வைக்கப் போவேன். அவள் விடமாட்டாள். பேனையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவாள்:

"வாசிச்சிட்டு வையுங்கோ அண்ணை. பிறகு ஊரெல்லாம் கதை சொல்லித் திரிவியள்."