மேட்டு நிலையத்துக்கு ஒரு பேட்டரி

நிலவு, தென்முனை. மேட்டு நிலையம்.
பதிவு: ரெஜினா சவரிராயன், சூரியக் கண்காணிப்பு.

முதல் நாள், 08:00

சூரியன் அமைதி. இரண்டே கரும்புள்ளிகள், இரண்டும் சிறியவை. காற்று, நீர், வெப்பம் சரி.

மடிக்கணினியின் பேட்டரி உப்பிவிட்டது. டச்பேடு மேலே எழும்பி நிற்கிறது, மூடி பொருந்தவில்லை. உப்பியதை அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது. கழற்றி, மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் வைத்தேன். கிடங்கிலிருந்து மாற்று பேட்டரியை எடுத்து வந்திருக்கிறேன். குளிரில் கிடந்ததை உடனே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். மதியம் வரை அறைச் சூட்டில் இருக்கட்டும்.

இதை யார் எப்போது படிப்பீர்களோ தெரியாது. ஆகவே என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சூரியனின் கரும்புள்ளிகளில் வெடிப்பு நேர்ந்தால் சற்று நேரத்தில் கதிர்ப் புயல் இங்கே வந்து சேரும். அதற்குள் வெளியில் இருப்பவர்களை உள்ளே அனுப்ப வேண்டும். இங்கே அன்றாடம் படும் கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்கப் பல வருடம் ஆகும் என்பதால் எழுபது வயதை ஒட்டியவர்களையே இங்கே அனுப்புகிறார்கள். புயல் அப்படியல்ல. அது ஒரே நாளில் கொல்லும்.

கருவிகள் காட்டுவதைப் படிக்க என்னிடம் இருப்பது இந்த ஒரு மடிக்கணினிதான். ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது சில சமயம் நிலையத்தின் மின்சாரம் ஒரு கணம் விழும். எச்சரிக்கை மணி அடிக்கும். பேட்டரி இருந்தால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. இல்லாவிட்டால் அணைந்துவிடும். மறுபடி கருவிகளோடு இணைய அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை எனக்குக் கண் இல்லை.

முதல் நாள், 14:10

மாற்று பேட்டரியைப் பொருத்தினேன். "பேட்டரி இல்லை" என்கிறது திரை.

கழற்றி மறுபடி பொருத்தினேன். சார்ஜரை எடுத்துவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். தொடுமுனைகளை மெல்லிய துணியால் துடைத்தேன். கண்ணாடி போலப் பளபளத்தன. பயனில்லை.

என் கையில் ஒரு பொருள் கெட்டது கிடையாது. இந்தக் கணினி வந்து நான்கு ஆண்டுகள். விசைப்பலகையின் பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. வந்த நாளிலேயே கவரைக் கிழிப்பவர்களுக்குப் பொருளின் அருமை தெரியாது. எங்கள் வீட்டு சோபாவை நான் பிளாஸ்டிக்கோடுதான் வைத்திருந்தேன். முதுகு ஒட்டுகிறது என்று கோடையில் என் கணவர் தரையில் துண்டு விரித்துப் படுத்துக்கொள்வார். அவர் போன பிறகும் சோபா புதிதாகவே இருந்தது.

போலிப் பேட்டரியை அனுப்பியிருக்கிறார்கள் என்று தலைமைத் தளத்துக்குப் புகார் எழுதினேன். கடுமையாகவே எழுதினேன்.

முதல் நாள், 17:30

மின்சாரம் ஒருமுறை விழுந்தது. கணினி அணைந்து, மீண்டும் இணைந்தது.

பள்ளத்து நிலையத்தில் இருக்கும் செண்பகவல்லியோடு பேசினேன். பாறை ஆய்வாளர். பாளையங்கோட்டை கான்வென்ட்டில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். அவர்கள் வகுப்புக்கும் நான் சட்டாம்பிள்ளையாக இருந்தபோது பேசியதற்காக அவள் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறேன். அவள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அவளிடம் இதே வகைப் பேட்டரி ஒன்று உபரியாக இருக்கிறது. வண்டியில் ஏழு மணி நேரம். கூரை மெல்லிய திறந்த வண்டி. நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

பள்ளத்து நிலையம்: "ஏட்டி, நீ கண்ண மூடிட்டு ஒக்காந்தா எங்க எல்லாத்துக்கும்தான ஆபத்து. காலைல கெளம்புதேன். சூரியன நீ பாத்துக்கோ, வழிய நான் பாத்துக்கிடுதேன். அந்தக் கவர் போட்ட சேர்ல என்ன ஒக்கார விடுவியா, இல்ல நின்னுக்கிட்டே காப்பி குடிக்கணுமா?"

இரண்டாம் நாள், 09:00

செண்பகம் கிளம்பிவிட்டாள். சூரியனின் கீழ் விளிம்பில் புதிதாக ஒரு புள்ளிக் கூட்டம். பெரியதுதான், ஆனால் அமைதியாக இருக்கிறது. அவளிடம் சொன்னேன். "வாரது வரட்டும், நீ பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

இரண்டாம் நாள், 11:00

மாற்று பேட்டரி: தொடர்புக் கோளாறு. கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. இப்போது சார்ஜ் ஏறுகிறது.

இரண்டாம் நாள், 11:25

மேலே எழுதியது போதாது. பொய் இல்லை; ஆனால் போதாது.

கணினி மறுபடி அணைந்திருந்தது. சும்மா இருக்க முடியாமல் அந்தப் பேட்டரியை மேசை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். தொடுமுனைகளின் மேல் ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தேன். வந்துவிட்டது. பயணத்தில் உரசாமல் இருக்க ஒட்டிய, நிறமில்லாத ஃபிலிம். விரல் அகலம்தான் இருக்கும். பொருத்துவதற்கு முன் உரிக்க வேண்டியது. நேற்று நான் பக்குவமாகத் துடைத்து மெருகேற்றியது அதைத்தான்.

செண்பகத்தை உடனே திரும்பிப் போகச் சொல்லியிருக்க வேண்டும். ரேடியோவைக் கையில் எடுத்தேன். என்னவென்று சொல்வது? பள்ளியில் விஞ்ஞானத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவள், ஒட்டுத்தாளை உரிக்காமல் ஊரைக் கூட்டினேன் என்றா? இந்த நிலவில் இருக்கும் ஒன்பது பேருக்கும் நாளைக்கே தெரிந்துவிடும்.

ரேடியோவைக் கீழே வைத்துவிட்டேன்.

வரட்டும். வண்டி விளக்கு தெரிந்ததும் என் பேட்டரியைக் கழற்றி, ஃபிலிமை மறுபடி ஒட்டிவிடலாம். அவள் கொண்டுவருவதை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம். ஃபிலிமை எறியாமல் மேசை விளிம்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த குவளையை அதன் உறையிலிருந்து எடுத்துக் கழுவினேன்.

இரண்டாம் நாள், 12:00

செண்பகம் வழக்கம்போல் அழைத்தாள். பாறைச் சரிவில் ஒரு சக்கரம் சிக்கியதாம், தானே நெம்பி எடுத்தாளாம். சூரியன் எப்படி என்று கேட்டாள். அமைதி என்றேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டாம் நாள், 13:05

வெடிப்பு. கீழ் விளிம்புக் கூட்டம். மிகப் பெரியது. துகள்கள் அரை மணியில் வந்துவிடும்.

எல்லா நிலையங்களுக்கும் அறிவித்தேன். எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். ஒருத்தி தவிர.

முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் அவளுக்குப் பல மணி நேரம். பதினொரு மணிக்குத் திரும்பியிருந்தால் இப்போது தன் நிலையத்துக்குள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பாள்.

வண்டிக்கு அடியில் படுத்து, நீர்த் தொட்டிகளை இறக்கி மேலே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

இரண்டாம் நாள், 13:40

அளவு ஏறுகிறது. நான் எண்களைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு அதனால் பயனில்லை. குரல் கேட்டால் போதும் என்றாள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே மின்சாரம் விழுந்தது. விளக்கு அணைந்தது. மணி அடித்தது. நான் நிறுத்தாமல் அடுத்த எண்ணைப் படித்தேன்.

வண்டி: "ரெஜினா. மணி அடிச்சிதுல்லா?"

ஆமாம் என்றேன்.

வண்டி: "ஒன் கம்ப்யூட்டர் நிக்கலையே."

சொல்லிவிட்டேன். ஃபிலிமைப் பற்றி, பதினொரு மணியைப் பற்றி, பன்னிரண்டு மணியைப் பற்றி. அதை மறுபடி ஒட்ட நினைத்ததையும் சொன்னேன்.



வண்டி: "அப்பமே சொல்லிருக்கலாம்லாட்டி. நான் சிரிச்சிருப்பேன். அவ்வளவுதான."

இரண்டாம் நாள், 15:30

வாந்தி எடுப்பதாகச் சொன்னாள். தலைக்கவசத்துக்குள்ளேயே. அதன் பிறகு எண்களை நிறுத்தச் சொல்லிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. பிறகு, அவள் சொன்னபடி நிறுத்தினேன்.

இரண்டாம் நாள், 19:00

புயல் தணிகிறது. கால் மணிக்கு ஒருமுறை அழைக்கிறேன். பதில் இல்லை.

தலைமைத் தளத்திலிருந்து மூடிய வண்டி கிளம்பியிருக்கிறது. நாளைதான் அவளிடம் போய்ச் சேரும். அவள் எதற்காக வெளியே போனாள் என்று கேட்டார்கள். எழுதி அனுப்பினேன். போலிப் பேட்டரி என்ற புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். புகார் கிடைத்தது என்று மட்டும் தானியங்கிச் செய்தி ஒன்று இப்போதுதான் வந்தது.

ஃபிலிம் மேசை விளிம்பில் இருக்கிறது. எடுத்து எறியக் கை வரவில்லை. இதைக் கண்டெடுப்பவர்கள் அதையும் பார்க்கட்டும்.

இரண்டாம் நாள், 21:15

மின்சாரம் விழுந்தது. மணி அடித்தது. கணினி நிற்கவில்லை.

சூரியன் அமைதி. பேட்டரி நூறு சதவீதம்.

செண்பகம், மேட்டு நிலையம் பேசுகிறேன். செண்பகம், மேட்டு நிலையம்