நேராகச் சொன்னது

மார்ச் 9

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். போனில் பேசினால் உன் அம்மா கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அத்தைக்கு விழுந்து முறிந்த இடுப்பு எலும்பு கூடி வருகிறதாம். தாங்கிப் பிடித்தால் நாற்காலி வரை நடக்கிறார்கள்.

நீ லீவு முடிந்து கிளம்பின அன்று காலை என்னை முன்னறையில் உட்காரவைத்துப் பேசினாயே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். "அண்ணி, எனக்கு மூணு விஷயம் வருத்தமா இருந்துச்சு. மனசுல வச்சுக்காம சொல்லிடறேன்" என்றாய். அத்தைக்கு மருந்து நேரம் தவறுகிறது, படுக்கை விரிப்பு தினமும் மாற்றவில்லை, நான் அவர்களிடம் சத்தம் போட்டுப் பேசுகிறேன் என்று அடுக்கினாய். நீ குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "கேட்டதுக்கு தேங்க்ஸ் அண்ணி" என்று வேறு சொன்னாய். நான் "சரிம்மா" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். நாம் போடாத சண்டையா? நீ குளியலறையை அடைத்துக்கொண்டால் நான் வெளியே நின்று சுவருக்குச் சொல்வது போல, "சில பேருக்கு மட்டும்தான் காலையில அவசரம்" என்பேன். நீ உள்ளே குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவாய். சாயங்காலம் நீதான் எனக்குத் தலை பின்னிவிடுவாய். இந்த முறையும் நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மத்தியானத்துக்குள் தீர்ந்திருக்கும். நீயோ வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தவள் போலப் பேசினாய். நான் உனக்கு வேற்றாளாகிவிட்டேனா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் "சரிம்மா" என்றதை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன். விமானத்தில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் இப்படி ஆன கதையைக் கேளுங்கள். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடி தேய்ப்பது நாங்கள் நாலு பேர். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாம் என் தலையில்தான் விழுந்தது. நான் என்ன செய்தேன்? நம் வீட்டில் செய்வதையே செய்தேன். யாரோடும் பேசவில்லை. தனியாகச் சாப்பிட்டேன். தட்டை மேஜையில் 'டங்'கென்று வைத்தேன். பெருமூச்சு விட்டேன். பக்கத்துப் பெண்மணி எனக்கு ஜலதோஷம் என்று நினைத்து ஒரு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். இன்னொருத்தர் ஜன்னலைச் சாத்தினார். ஞாயிறு மட்டும் மாறவே இல்லை.

கடைசியில் முதலாளியம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திகைத்துப்போய், "எங்களுக்கு எப்படித் தெரியும், நீ ஒண்ணுமே சொல்லலையே" என்றார். அடுத்த வாரமே மாற்றிவிட்டார். அதற்காக யாரும் என்னைக் கோபிக்கவில்லை. மேல்வீட்டுக்காரர்கூட என் மிக்ஸி சத்தத்தைப் பற்றிக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, மறுநாள் படியில் பார்த்துச் சிரிக்கிறார். இங்கே நேராகச் சொல்வதுதான் மரியாதை, அண்ணி. வேற்றாளாக நினைத்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் குட்டி

ஏப்ரல் 4

அன்புள்ள குட்டிக்கு,

மாத்திரை கொண்டுவந்து வைத்த கதையைப் படித்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன் அண்ணன் என்னவென்று எட்டிப் பார்த்தார்.

இங்கேயும் ஒரு கதை நடந்தது. நீ சொல்லிவிட்டுப் போனதால் அத்தையிடம் சத்தம் போடுவதை நிறுத்தினேன். "அத்தை, தண்ணி தரட்டுமா", "அத்தை, மெதுவா எழுந்திரிங்க" என்று தணிவாகப் பேசினேன். கொஞ்ச நாளில் அவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் உன் அண்ணனைக் கட்டிலருகே கூப்பிட்டு, "உம் பொண்டாட்டிக்கு என் மேல என்னடா கோவம்? மரியாதையா பேசறா" என்று கண் கலங்கியிருக்கிறார்கள். பாதி பேச்சு அவர்கள் காதில் விழவும் இல்லை. விழுந்தாலும் அதற்கு என்ன பதில் சொல்வார்கள், பாவம். நான் கத்துவேன், அவர்கள் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள், அதில்தான் பொழுது போகும். மறுநாள் "எத்தனை தடவை சொல்றது, தலையணையைக் கீழ தள்ளாதீங்கன்னு" என்று ஒரு சத்தம் போட்டேன். "நான் எங்கடி தள்ளினேன், அதுவா விழுந்தா நான் என்ன பண்ண" என்றார்கள். ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டார்கள்.

மற்ற ரெண்டையும் நீ சொன்னபடியே பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் சௌகரியம்.

அண்ணி

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

'எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே யாராவது அப்படிச் சொன்னால் நம்பிவிட்டுப் போய்விடுவேன். நீங்கள் சொன்னால் எப்படி நம்புவது? நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை மறக்கிற அளவுக்கு நான் இன்னும் போய்விடவில்லை.

எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். நேராகவோ, சுற்றி வளைத்தோ, திட்டியோ. ஆனால் சொல்லுங்கள்.

குட்டி

மே 2

குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் வானிலையையும் காய்கறி விலையையும் எழுதி நிறுத்திவிட்டேன். இப்போது உன் முறையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் களைத்துப்போய்விட்டேன். அத்தை விழுந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் வெளியே தங்கவில்லை. என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய், முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அத்தையைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. உன் அண்ணன் நல்லவர்தான். கடையைச் சாத்திவிட்டு வந்து அம்மாவிடம் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார். அதோடு அவர் கடமை முடிந்துவிடும்.

நீ வந்திருந்தாய். விரிப்பில் இருந்த கறையைப் பார்த்தாய். அதைத் துவைக்கிறவளை நீ பார்க்கவில்லை. "அண்ணி, நீங்க எப்படி இருக்கீங்க" என்று நீ ஒரு முறையாவது கேட்பாய் என்று, நீ வண்டி ஏறும் வரை காத்திருந்தேன்.

எழுதிவிட்டேன். நேராகச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதைத் தபாலில் போடுவதற்குள் மனசு மாறாமல் இருக்க வேண்டும்.

அண்ணி

மே 14

என் அண்ணிக்கு,

'சொன்னதற்கு நன்றி' என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். உடனே கிழித்துப் போட்டேன்.

முதலாளியம்மாவிடம் நீண்ட லீவு கேட்டேன். திரும்பி வரும்போது இந்த வேலை இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பரவாயில்லை என்றேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன். நீங்கள் உங்கள் தம்பி வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. எத்தனை தடவை போன் செய்தேன், எல்லாம் சௌகரியம் என்றுதானே சொன்னீர்கள்? வந்து கத்துகிறேன். நீங்களும் மனசில் வைத்திருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம்தான் உங்களை பஸ் ஏற்றுவது.

குட்டி

ஜூன் 19

அன்புள்ள குட்டிக்கு,

தம்பி வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு வேலையும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். நாம் போட்ட சண்டையில் உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதே, இப்போது தேவலையா?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாரே, அங்கே "எப்ப வருவே?" என்று கேட்டார்.

"தெரியல. வந்த பிறகும் சாயங்காலத்துல அத்தையைத் தூக்கி உட்கார வைக்கிறது, நடக்க வைக்கிறது எல்லாம் உங்க வேலை. இனிமே என்னால முடியாதுங்க" என்றேன்.

பையைக் கீழே வைத்தார். "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்" என்றேன்.

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். பஸ் வந்ததும் பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கிப்போனார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. நேற்றுச் சாயங்காலம் போன் செய்தார். சௌகரியமா என்று விசாரிக்கப்போகிறார் என்று எடுத்தேன். "அம்மாவைத் தூக்கும்போது கையைப் பிடிக்கணுமா, தோளைப் பிடிக்கணுமா?" என்றார்.

"தோளைப் பிடிங்க. பிடிச்சுக்கிட்டு அவசரப்படாம நில்லுங்க, அவங்களா எழுந்திருப்பாங்க" என்றேன்.

அண்ணி